தொழிற்சாலையில் செய்த கட்டடம்: கார்பன் எப்போது குறையும்?

ப்ரீஃபேப் என்றதும் சிலருக்குத் தகரக் கொட்டகை நினைவுக்கு வருகிறது. வேறு சிலருக்கு, மாடி மேல் மாடியாக மளமளவென்று எழும் கட்டடத்தை வேகமாக ஓடவிட்டுக் காட்டும் காணொளி. இப்போது மூன்றாவதாக ஒரு பேச்சும் சேர்ந்திருக்கிறது: "தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தினால் கார்பன் குறைவு."

முதல் இரண்டும் அரைகுறைப் புரிதல்கள்தான், அவற்றால் பெரிய கேடில்லை. மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருகிறது. இந்த முறையால் கார்பனை உண்மையாகவே நிறையக் குறைக்க முடியும். ஆனால் அது தானாகக் குறையாது. வடிவமைப்பவர், சிமென்ட் தருபவர், தொழிற்சாலை, ஒப்பந்ததாரர், பணம் போடுபவர் என ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், வழக்கமான கட்டடத்தைவிடக் கூடுதல் கார்பனோடுகூட ஒரு ப்ரீஃபேப் கட்டடம் எழுந்து நிற்கும். ஏன் அப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## முதலில் பெயர்கள்

அளவு கொடுத்து ஒரு சட்டை தைத்துக்கொள்வது ஒரு வழி. ஒரே அளவில் ஆயிரம் சட்டைக்குத் துணியை அடுக்கி ஒன்றாக வெட்டித் தைப்பது இன்னொரு வழி. வழக்கமான கட்டுமானம் முதல் வகை. மணல், ஜல்லி, சிமென்ட், கம்பி எல்லாம் இடத்துக்கு வரும். அங்கேயே அளந்து, வெட்டி, பலகை அடித்து, கான்கிரீட் ஊற்றுவார்கள். பாகங்களை வேறோர் இடத்தில் முன்கூட்டியே செய்து கொண்டுவந்து பொருத்துவது இரண்டாம் வகை. அதைத்தான் ப்ரீஃபேப் என்கிறோம்.

அதிலும் படிகள் உண்டு. தூண், பீம், தளப்பலகை என உறுப்பு உறுப்பாகச் செய்யலாம். ஜன்னல் திறப்போடு முழுச் சுவரையும் தட்டையாகச் செய்து கொண்டுவரலாம், அது பேனல். தரை, சுவர், கூரை, குழாய், வயரிங், டைல்ஸ் வரை முடித்து ஓர் அறையையே பெட்டியாகத் தூக்கி வைக்கலாம், அது மாட்யூல். மாட்யூல் எல்லாம் ப்ரீஃபேப்தான். ஆனால் ப்ரீஃபேப் எல்லாம் மாட்யூல் அல்ல. பேச்சில் இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

கொட்டகை என்ற எண்ணத்தை விட்டுவிட ஓர் எடுத்துக்காட்டு போதும். சிங்கப்பூரில் 2019ல் முடிந்த கிளெமென்ட் கனோப்பி என்ற இரட்டைக் கோபுரத்துக்கு 40 மாடி, சுமார் 140 மீட்டர் உயரம். 1,899 மாட்யூல்களை அடுக்கிக் கட்டியது அது. அந்த மாட்யூல்கள் கான்கிரீட்டால் ஆனவை. ப்ரீஃபேப் என்பது செய்யும் முறையின் பெயர், எந்தப் பொருளால் செய்தது என்று அது சொல்வதில்லை. கார்பன் கணக்கோ பெரும்பாலும் பொருளில்தான் இருக்கிறது.

## கட்டடத்தின் கார்பன் எங்கிருந்து வருகிறது?

ஒரு கட்டடம் இரண்டு விதமாகக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றவைக்கிறது. குடிவந்த பிறகு ஏசி, விளக்கு, வெந்நீர், லிஃப்ட் ஆகியவற்றுக்குச் செலவாகும் ஆற்றலால் வருவது இயக்கக் கார்பன். குடிவருவதற்கு முன்பே, பொருளைத் தோண்டி எடுத்து, சுட்டு, உருக்கி, சுமந்துவந்து, கட்டி முடித்ததில் வருவது பொதிந்த கார்பன். பின்னால் பழுது பார்ப்பதும், கடைசியில் இடித்து அப்புறப்படுத்துவதும் இதில்தான் சேரும்.

இயக்கக் கார்பனைப் பிற்பாடு குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது. விளக்கை மாற்றலாம், மின்சாரம் காற்றாலையிலிருந்து வரலாம். பொதிந்த கார்பனில் பெரும்பகுதி திறப்பு விழா நாளிலேயே வானத்துக்குப் போய்விட்டிருக்கும். அதைத் திரும்ப வாங்க முடியாது.

சிமென்டை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கருஞ்சாம்பல் நிற உருண்டைகள் கிடைக்கும். அவைதான் கிளிங்கர். அதைப் பொடித்தால் சிமென்ட். சூளைக்கு எரிபொருள் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கல்லே கார்பனை விடுகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோவும் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ போகத்தான் போகும். உலகம் முழுவதும் மனிதர்களால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

எஃகும் இளைத்ததல்ல. இரும்புத்தாதுவை நிலக்கரி உலையில் உருக்கிச் செய்யும் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. பழைய இரும்பை மின்உலையில் உருக்கினால் அது வெகுவாகக் குறையும்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: கார்பன் முக்கியமாகப் பொருளிலும் அதன் அளவிலும் இருக்கிறது. அதை எந்தக் கூரைக்குக் கீழே செய்தோம் என்பது அடுத்த கேள்விதான்.

## தொழிற்சாலை எங்கே உதவுகிறது?

சட்டைக்குத் திரும்புவோம். ஒரே ஒரு சட்டைக்கு வெட்டினால் ஓரத்துணி வீணாகும். ஆயிரம் சட்டைக்கு வெட்டும்போது கை, காலர், முதுகு எல்லாவற்றையும் நெருக்கமாக அடுக்கிப் பார்த்து வெட்டுவார்கள். தொழிற்சாலையில் கம்பி, பலகை, ஜிப்சம் போர்டு எல்லாம் அப்படித்தான் வெட்டப்படுகின்றன. துண்டு மிஞ்சினாலும் அங்கேயே வேறொன்றுக்கு உதவும். கட்டுமான இடத்தில் மிஞ்சியது மழையில் நனைந்து, மண்ணோடு கலந்து, லாரியில் ஏறிப் போகும்.

அதைவிடப் பெரிய லாபம் மெலிதாகச் செய்ய முடிவதில் இருக்கிறது. இடத்தில் கான்கிரீட் ஊற்றும்போது எல்லாமே கொஞ்சம் முன்பின் போகும் என்று தெரிந்து, பொறியாளர் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் தடிமன் சேர்ப்பார். தொழிற்சாலையில் அச்சும் கலவையும் ஒரே மாதிரி இருப்பதால் நம்பி மெலிதாக்கலாம். தளப்பலகையின் நடுவே நீளவாக்கில் குழாய் போலத் துளைகள் விட்டுச் செய்யும் ஹாலோகோர் பலகை இதற்கு நல்ல உதாரணம். அதற்குள் இழுத்துப் பிடித்த கம்பிகள் இருக்கும். ஒரு வரிசைப் புத்தகங்களை இரண்டு ஓரத்திலும் கையால் அழுத்தித் தூக்கினால் நடுவில் இருப்பவை விழாது, இல்லையா? இழுத்த கம்பியை விட்டதும் அது சுருங்கப் பார்த்துக் கான்கிரீட்டை அதே மாதிரி அழுத்திப் பிடிக்கிறது. அதனால் குறைந்த கான்கிரீட்டில் கூடுதல் நீளத்தைத் தாங்கும்.

அப்புறம் மரம். காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி, மரம் காற்றிலிருந்து எடுத்து வைத்த கார்பன். மரத்துண்டுகளை ஒட்டிச் செய்யும் பெரிய உத்தரங்களும் பலகைகளும் தொழிற்சாலையில்தான் துல்லியமாக வரும். நார்வேயில் 2019ல் திறந்த மியோஸ்டோர்னெட் 18 மாடி, 85.4 மீட்டர் உயர மரக்கட்டடம். அதிலும் மேல் மாடிகளின் தளங்கள் கான்கிரீட். மரம் எடை குறைவு, காற்றில் ஆட்டம் அதிகமாக இருக்கும் என்பதால் எடைக்காக அப்படி வைத்தார்கள். ஒரே பொருளை வைத்து எல்லாவற்றையும் தீர்க்கப் பார்க்காத அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: வெட்டிய இடத்தில் காடு திரும்ப வளர்ந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

## தொழிற்சாலை எங்கே கெடுக்கிறது?

இரண்டு அறைப் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவில் இரண்டு சுவர். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் கீழ்ப்பெட்டியின் கூரை, அதன் மேல் மேல்பெட்டியின் தரை. வழக்கமான கட்டடத்தில் ஒன்று போதும் என்கிற இடத்தில் இங்கே இரண்டு. அதுவும் தவிர, பெட்டி ஒரே ஒருமுறைதான் பயணம் போகப்போகிறது என்றாலும், க்ரேனில் தொங்கும்போதும் லாரியில் குலுங்கும்போதும் உடையாமல் இருக்க வேண்டும். அந்த ஒருநாள் பயணத்துக்காக வாழ்நாள் முழுவதும் தேவைப்படாத எஃகு அதற்குள் போய்ச் சேரும்.

போக்குவரத்தையும் பாருங்கள். பேனல்களைத் தட்டையாக அடுக்கி அனுப்பலாம். மாட்யூலை அனுப்பும்போது பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றைச் சுமந்து போகிறோம். குளியலறை போலக் குழாய், டைல்ஸ் எனச் சின்ன இடத்தில் நிறைய வேலை இருக்கும் அறைக்கு மாட்யூல் பொருந்தும். பெரிய, வெறுமையான கூடத்துக்குப் பேனலே மேல். எல்லாவற்றையும் பெட்டியாக்க வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை.

## மறுநாள் காலைச் சிக்கல்

இனி வருவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

கான்கிரீட்டில் கார்பனைக் குறைக்க நேரான வழி, கிளிங்கரில் ஒரு பங்கை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவது. இரும்பு உலைக் கசடு, அனல்மின் நிலையச் சாம்பல், சுட்ட களிமண் ஆகியவை பழகிய மாற்றுகள். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்து ஏறக்குறையப் பாதி கிளிங்கரைத் தவிர்க்கும் எல்சி3 என்ற சிமென்ட் வகை, கார்பனைச் சுமார் 40 சதவீதம் வரை குறைக்கிறது. ஆனால் இந்த மாற்றுக் கலவைகள் பலவும், குறிப்பாகக் கசடும் சாம்பலும், மெதுவாக இறுகும். முடிவில் வலிமை குறைவதில்லை. அதற்கு நாள்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

தொழிற்சாலை எப்படி ஓடுகிறது? மாலை அச்சில் கான்கிரீட் ஊற்றுவார்கள். மறுநாள் காலை அதைக் கழற்றித் தூக்கினால்தான் அடுத்ததை ஊற்றலாம். அச்சு விலை உயர்ந்தது, அது சும்மா இருந்தால் நஷ்டம். ஆகவே 16 மணி நேரத்தில் தூக்குகிற அளவு கெட்டிப்பட வேண்டும். அதற்கு எளிய வழி? சிமென்டைக் கூட்டிப் போடுவது. இப்படித்தான், பொருளின் அளவைக் குறைத்து மிச்சம் பிடித்த கார்பனை, கலவையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

இதில் யார்மீதும் தப்பில்லை என்பதைக் கவனியுங்கள். தொழிற்சாலை தன் அச்சைக் காப்பாற்றுகிறது. ஒப்பந்ததாரர் தேதியைக் காப்பாற்றுகிறார். பொறியாளர் வழக்கம்போல 28ஆம் நாள் வலிமையை, அதாவது ஊற்றி 28 நாளில் கான்கிரீட் எட்ட வேண்டிய வலிமையை, எழுதிக் கொடுக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் சரி. கூட்டிப் பார்த்தால் கார்பன் ஏறியிருக்கிறது.

தீர்வும் அப்படித்தான், ஒருவர் கையில் இல்லை. பணம் போடுபவர் ஆர்டரைச் சில வாரம் முன்னால் உறுதி செய்தால் அவசரம் குறையும், அச்சை இரண்டு நாள் வைத்திருக்கலாம். அடித்தளம், தூண் போன்றவற்றில் முழுச் சுமை ஏறப் பல மாதம் ஆகும். அங்கே பொறியாளர் 56ஆம் நாள் வலிமையை ஏற்றுக்கொண்டால் மெதுவாக இறுகும் கலவைக்கு இடம் கிடைக்கும். சிமென்ட் தருபவர் அந்தத் தொழிற்சாலையின் வெப்பநிலைக்கேற்பக் கலவையைச் சோதித்துத் தரலாம். தொழிற்சாலை, அச்சை இதமாகச் சூடாக்கி இறுகுவதை வேகப்படுத்தலாம். நான்கு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நடக்கும். ஒருவர் மறுத்தாலும் பழைய கலவைதான்.

சரி, இதைத்தான் தொழில்துறை ஒத்துழைப்பு என்கிறார்கள். மாநாட்டில் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வதைச் சொல்லவில்லை. யார் எந்தத் தேதிக்குள் எதை முடிவு செய்ய வேண்டும், அதன் சுமையை யார் ஏற்பது என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வது.

## கண்ணாடியின் நீளத்திலிருந்து பிறந்த மாளிகை

லண்டனில் 1851ல் நடந்த பெரும் கண்காட்சிக்கு ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த கிரிஸ்டல் பேலஸ் இரும்பும் கண்ணாடியும் மரமும் சேர்ந்தது. ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் தகடுகள். தகடு ஒவ்வொன்றும் 49 அங்குல நீளம், 10 அங்குல அகலம். ஏன் 49? அந்தக் கண்ணாடித் தொழிற்சாலையால் அந்த அளவில் லட்சக்கணக்கில் செய்து தர முடியும் என்பதுதான் காரணம். அந்த நீளத்திலிருந்து கூரையின் மடிப்பு, மடிப்பிலிருந்து தூண்களுக்கு இடையே 24 அடி, அதிலிருந்து முழு மாளிகை. ஓராண்டுக்குள் எழுப்பிவிட்டார்கள்.

இன்றைக்கு வழக்கம் பெரும்பாலும் தலைகீழ். வரைபடம் முழுதாக முடிந்த பிறகு டெண்டர், அதற்கப்புறம்தான் தொழிற்சாலை அதைப் பார்க்கிறது. தொழிற்சாலையின் அச்சு 2.4 மீட்டர் அகலம், வரைபடத்தில் அறை 2.55 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 சென்டிமீட்டருக்காகப் புது அச்சு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் ஒரு பட்டையை இடத்திலேயே பலகை அடித்து ஊற்ற வேண்டும். இரண்டுமே வீண். முதல் மாதமே தொழிற்சாலையில் ஒருவரைக் கேட்டிருந்தால் அறை 2.4 மீட்டராகியிருக்கும், அதற்காக யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, பிழையின் பெருக்கம். வழக்கமான கட்டடத்தில் குழாய்த் துளை 5 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் ஒருவர் உளியால் கொத்திச் சரிசெய்வார். 200 குளியலறை மாட்யூலுக்கான வரைபடத்தில் அதே பிழை இருந்தால் 200 இடத்தில் தப்பு. அதனால்தான் இந்த முறையில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு தேதிக்குப் பிறகு வரைபடத்தில் கைவைக்க மாட்டோம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு வடிவமைப்பு உறைதல் என்று பெயர்.

சுருக்கிச் சொன்னால், தொழிற்சாலையால் என்ன முடியும் என்பது வரைபடத்தின் முதல் கோட்டுக்கு முன்பே வடிவமைப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

## பொது அளவு என்றால் என்ன?

கப்பல் கன்டெய்னரின் மூலையைப் பார்த்திருப்பீர்கள். எட்டு மூலையிலும் ஓட்டை வைத்த கனமான வார்ப்புத் துண்டு இருக்கும். அதற்குள் ஒரு பூட்டு நுழைந்து, சுழன்று பிடித்துக்கொள்ளும். எந்த நாட்டு க்ரேனும் எந்தக் கம்பெனியின் கன்டெய்னரையும் தூக்க முடிவது இந்த மூலையால்தான். 1956ல் கன்டெய்னர் கப்பலை ஓடவிட்ட அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீன், பிற்பாடு இந்த மூலைப் பொருத்தத்தின் காப்புரிமையைக் கட்டணமின்றிப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தார். அதனால் அது உலகப் பொது அளவானது. ஒவ்வொருவரும் தங்கள் மூலையை ரகசியமாக வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

கட்டுமானத்துக்கு இன்னும் அப்படி ஒரு மூலை அமையவில்லை. ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் பெட்டிமேல் உட்காராது. ஒரு தொழிற்சாலை நடுவில் மூடப்பட்டால் மீதி மாடிக்கு வேறிடத்தில் வாங்க முடியாது. இது கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்காவில் எல்லா வேலையையும் ஒரே கூரைக்குள் கொண்டுவரப் பார்த்த கட்டெரா என்ற கட்டுமான நிறுவனம் 2021ல் திவாலானது. பிரிட்டனில் மாட்யூல் வீடுகள் செய்த இல்கே ஹோம்ஸ் 2023ல் விழுந்தது. தொழிற்சாலைக்கு ஆர்டர் வந்துகொண்டே இருக்க வேண்டும், இடைவெளி விழுந்தால் வாடகையும் சம்பளமும் அதைச் சாப்பிட்டுவிடும். பல கட்டட உரிமையாளர்கள் ஒரே அளவை ஏற்று, தங்கள் ஆர்டர்களைச் சேர்த்து வைத்தால் அந்த இடைவெளி நிரம்பும். சிங்கப்பூர் அரசு 2014 முதல் குறிப்பிட்ட அரசு நிலங்களில் மாட்யூல் முறையைக் கட்டாயமாக்கியது, அதனால் தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் வரும் என்ற உறுதி கிடைத்தது.

போட்டியாளர்கள் தங்கள் தொழில் ரகசியத்தையெல்லாம் கொட்டிவிட வேண்டியதில்லை. இணைப்பின் அளவு, மாடி உயரம், குழாய் எந்தப் பக்கம் வரும், எத்தனை மில்லிமீட்டர் முன்பின் அனுமதி என்பவை பொதுவானால் போதும். உள்ளே எப்படிச் செய்கிறார்கள் என்பது அவரவர் திறமை.

கார்பன் எண்ணும் இதே மாதிரி பொதுவாக வேண்டும். ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு கார்பன் ஆனது என்று மூன்றாம் தரப்பு சரிபார்த்துத் தரும் அறிக்கை ஒன்று உண்டு, ஆங்கில முதலெழுத்துகளால் இபிடி என்பார்கள். அது இல்லாமல் "பசுமைப் பேனல்" என்று சொல்வது வெறும் சொல்தான். இரண்டு நிறுவனங்களின் எண்ணை ஒப்பிடும்போது ஒருவர் போக்குவரத்தைச் சேர்த்திருக்கிறாரா, இன்னொருவர் விட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் கணக்கு மட்டும் போதாது, அடித்தளம் வரை முழுக் கட்டடத்துக்கும் சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

## இணைப்பில்தான் எல்லாம்

1968 மே மாதம் லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. கான்கிரீட் பேனல்களை அடுக்கிக் கட்டிய கட்டடம் அது. ஒரு சுவர் வெளியே தள்ளப்பட்டதும் அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். பேனல்களை ஒன்றோடொன்று பிணைத்த இணைப்பு போதுமானதாக இல்லை. ஒரு துண்டு போனால் மற்றவை தாங்கிப் பிடிக்க வேண்டும் என்ற விதி கட்டட விதிகளுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான். ப்ரீஃபேப் பற்றிய பழைய அவநம்பிக்கைக்கு இதில் பங்குண்டு, அந்த அவநம்பிக்கை நியாயமானதுதான். பதிலும் இணைப்பில்தான் இருக்கிறது: யார் பொருத்தினார், யார் சரிபார்த்தார் என்று ஒவ்வொரு மூட்டுக்கும் பதிவு.

அதே இணைப்புதான், கட்டடத்தின் கடைசி நாளில் பொருள் திரும்பக் கிடைக்குமா என்பதையும் முடிவு செய்கிறது. கிரிஸ்டல் பேலஸைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோய் 1854ல் இன்னும் பெரிதாக எழுப்பினார்கள். டோக்கியோவில் 1972ல் கட்டிய நகாகின் கோபுரத்தில் 140 அறைப் பெட்டிகள் இருந்தன. 25 ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியை மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். ஒன்றுகூட மாற்றப்படவில்லை. மேலே இருப்பதை எடுக்காமல் கீழே இருப்பதை எடுக்க முடியவில்லை, அத்தனை உரிமையாளர்களும் சேர்ந்து முடிவெடுக்கவும் வழியில்லை. 2022ல் கோபுரத்தை அகற்றினார்கள்.

கலவை ஊற்றி மூடிய மூட்டை உடைத்துத்தான் பிரிக்க முடியும். போல்ட் போட்ட மூட்டைக் கழற்றலாம். ஆனால் 60 ஆண்டு கழித்து அந்தத் தளப்பலகையை இறக்க வரும் க்ரேன் ஓட்டுநருக்கு, பலகையின் எடை எவ்வளவு, தூக்கும் கொக்கி எங்கே இருக்கிறது, எந்தப் போல்டை முதலில் தளர்த்த வேண்டும் என்று தெரிய வேண்டும். அதை இன்று வார்க்கிற தொழிற்சாலைதான் எழுதி வைக்க முடியும். கட்டட உரிமையாளர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.